பரிசோதனைக்கு முதல் பாணை நிறுத்தலாமா?

கேள்வி:

எனக்கு 54 வயது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். மகளுக்கு 26 வயது, கோட்டையில் ஒரு வங்கியில் வேலை. மூன்று நான்கு வருடமாக அவளுக்கு வயிறு ஊதுவதும், அடிக்கடி தண்ணியாகப் போவதும், வாயில் புண் வருவதுமாக இருக்கிறது. காஸ்ட்ரைட்டிஸ் என்று மருந்து எடுத்தாள், பூச்சி மருந்தும் எடுத்தாள். ஹீமோகுளோபின் 8.6க்கு இறங்கியது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கச்சிக்குச் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அவள் சொல்லி, மகள் மூன்று மாதமாகக் கோதுமைச் சாப்பாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். வயிறு நல்ல சுகம். பிறகு இரத்தம் சோதித்தோம், நெகட்டிவ் என்று வந்தது. ரிப்போர்ட்டின் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். இப்போது டொக்டர், திரும்பப் பாண் சாப்பிட்டுவிட்டு எண்டோஸ்கொப்பி செய்ய வேண்டும் என்கிறார். சுகமான பிள்ளைக்கு எதற்கு இது? சோறு சாப்பிடுகிற எங்கள் ஆட்களுக்கும் இந்த நோய் வருமா? பூசையில் நற்கருணை வாங்கலாமா? ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறார்கள், அவர்களிடம் சொல்ல வேண்டுமா? நானும் விழுந்து கை மணிக்கட்டு உடைந்து, இப்போதுதான் பிளாஸ்டர் கழற்றினார்கள். பிள்ளையோடு அலையவும் முடியவில்லை.

— ஒரு தாய், கொழும்பு 13

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். மகளுக்குச் சீலியாக் இல்லை என்று அதை வைத்து நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் கோதுமை தொடாத ஒருவரின் இரத்தத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்தால், வருகிற நெகட்டிவை நம்ப முடியாது. அந்த டொக்டர் கேட்டது சரியான கேள்வி. பிள்ளையை வருத்துவதற்காக அவர் பாண் சாப்பிடச் சொல்லவில்லை.

ஏன் என்று விளங்க, குடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. நம் எல்லோருடைய குடலிலும் அது முழுதாகச் சமிக்காமல் துண்டு துண்டாக நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சிலருடைய உடலில் மட்டும் நிர்ப்பீடனத் தொகுதி அந்தத் துண்டுகளை எதிரியென்று எடுத்துக்கொள்ளும். அத்தோடு நிற்காமல், திசுவில் இயற்கையாக இருக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியத்துக்கு எதிராகவும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். இந்தச் சண்டை நடக்கும் இடம் சிறுகுடலின் உட்சுவர். அங்கே குளியல் துவாலையின் நூல் வளையங்களைப் போல நெருக்கமாகச் சடைமுளைகள் நிற்கும். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அவைதான். அவை தேய்ந்து மொட்டையாகிவிட்டால், இரும்பும் போலிக் அமிலமும் கல்சியமும் விற்றமின் டியும் வாயால் போய், உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். இரும்பு மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இரத்தத்தில் தேடுவது அந்த நொதியத்துக்கு எதிரான பிறபொருளெதிரியை. ரிப்போர்ட்டில் டிடிஜி ஐஜிஏ என்று இருக்கும். குளூட்டனை நிறுத்தியதும் இந்த அளவு இறங்கத் தொடங்கும், சில மாதத்தில் சாதாரண அளவுக்கே வந்துவிடலாம். சடைமுளைகளும் மெல்ல மெல்ல வளரத் தொடங்கும். ஆகவே நோய் இருந்தாலும், நோய் இல்லை என்று பரிசோதனை சொல்லிவிடும்.

இன்னொன்றும் கவனித்தேன். உங்கள் மகளின் ரிப்போர்ட்டில் மொத்த ஐஜிஏ அளவு பார்க்கப்படவில்லை. சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ வகைப் பிறபொருளெதிரியே உடலில் போதியளவு உண்டாவதில்லை. அவர்கள் தினமும் பாண் சாப்பிட்டாலும் இந்தப் பரிசோதனை நெகட்டிவாகத்தான் வரும். அதனால் அடுத்த முறை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஐஜிஏ குறைவாக இருந்தால் ஐஜிஜி வகையில் செய்யும் பரிசோதனை இருக்கிறது.

"சோறு சாப்பிடுகிற எங்கள் ஆட்களுக்கு வருமா?" வரும், ஆனால் குறைவு. இந்த நோய் வருவதற்கு டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற பரம்பரைக் கூறு வேண்டும், கூடவே குளூட்டனும் சாப்பிட வேண்டும். உலக அளவில் நூற்றில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு. வட இந்தியாவிலும் ஏறக்குறைய அப்படித்தான், தென்னிந்தியாவில் அதைவிட மிகக் குறைவு. நாங்கள் சோற்று ஆட்கள் என்று சொன்னாலும், கொழும்பில் வேலைக்குப் போகிற ஒரு பிள்ளை ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறது என்று பாருங்கள்: காலையில் பணிஸ், பத்து மணிக்குத் தேநீரோடு பிஸ்கட், பின்னேரம் ரோல்ஸ், இரவில் கொத்து. சோறு ஒரு நேரம்தான்.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பு உறுதியான கதையையும் சொல்லிவிடுகிறேன், மாவில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்பவர்களுக்கு அது உதவும். வில்லெம் டிக்க என்பவர் நெதர்லாந்தில் குழந்தை வைத்தியர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், அங்கே பாணே கிடைக்காத பஞ்சம். ஊரெல்லாம் மெலிந்துகொண்டிருக்க, அவரிடம் சிகிச்சை பெற்ற சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். போர் முடிந்து பாண் வந்ததும் திரும்ப விழுந்தார்கள். கோதுமைமேல் அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் இதனால் பலப்பட்டது. 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார். அதற்கு முன்பு இந்தப் பிள்ளைகளுக்கு வாழைப்பழ உணவு கொடுத்துப் பார்த்த காலமும் உண்டு.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. பாணை விட்டதும் சுகமாகிவிட்டது, அப்படியே விட்டுவிட்டால் என்ன?

இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: விடக் கூடாது. கோதுமையை நிறுத்தினால் சுகமாகும் வயிறு எல்லாம் சீலியாக் வயிறு ஆகாது. குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கும் கோதுமையில் உள்ள ஒருவகை மாச்சத்தால் வயிறு ஊதும். அவர்கள் இடைக்கிடை ஒரு துண்டு கேக் சாப்பிட்டால் அன்றைக்கு வயிறு பொருமும், அவ்வளவுதான். சீலியாக் என்றால் கதை வேறு. வாழ்நாள் முழுவதும், சிறிதளவும் இல்லாமல் விட வேண்டும். கல்யாண வீட்டிலும், நத்தாரிலும், சுகமாக இருக்கும்போதும். உறுதியான ரிப்போர்ட் கையில் இல்லாத ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டை இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் காப்பது மிகக் கடினம். "இதுதானா என்று தெரியாதே" என்ற நினைப்பு வரும், ஒரு பணிஸ் சாப்பிடுவார், ஒன்றும் ஆகாததுபோல இருக்கும், பழையபடி தொடங்கிவிடுவார். வெளியில் அறிகுறி இல்லாமலே குடல் உள்ளே பழுதாகிக்கொண்டிருக்கும். எலும்பு மெலியும், சோகை திரும்பும். அரிதாகக் குடலில் நிணநீர்ப் புற்றுநோய்கூட வரலாம்.

அதோடு 8.6 ஹீமோகுளோபினுக்குக் காரணம் கண்டுபிடிக்காமல் விடக் கூடாது. நம் நாட்டில் இதற்கு வேறு காரணங்களும் உண்டு. மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, கியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, குரோன் நோய், குடல் காசநோய் எல்லாவற்றையும் நினைக்க வேண்டும். தலசீமியா கூறு சுமப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகவும் சிவப்பணு சிறிதாகவும் இருக்கும். அதை இரும்புக் குறைபாடு என்று எண்ணி வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பது நடக்கிறது. உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் பெரிட்டின் அளவு பார்த்தார்களா என்று கேளுங்கள். பெரிட்டின் குறைவாக இருந்தால்தான் இரும்புக் குறைபாடு என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

சரி, பாண் சாப்பிடுவது எப்படி? ஒரு நாளைக்கு இரண்டு துண்டுப் பாண், அல்லது அதே அளவு கோதுமைச் சாப்பாடு, இரண்டு நேரமாகப் பிரித்து, ஆறு வாரம். அதற்குப் பிறகு இரத்தமும் எண்டோஸ்கொப்பியும். தாங்க முடியாமல் போனால் டொக்டரிடம் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு வாரம் தாக்குப்பிடித்தாலும் அதை வைத்துப் பார்க்க முயலலாம், ஆனால் நாள் கூடக்கூட விடையில் நம்பிக்கையும் கூடும். வங்கியில் வருடக் கணக்கு முடிக்கிற வேலை மும்முரமாக இருக்கும் மாதத்தில் இதைத் தொடங்க வேண்டாம். பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறுதலான காலமாகப் பார்த்துத் தொடங்குங்கள். தொடங்குவதற்கு முன் டிகியூ2, டிகியூ8 மரபணுப் பரிசோதனை செய்ய வழியிருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இதற்குப் பாண் சாப்பிடத் தேவையில்லை. இரண்டும் இல்லை என்று வந்தால் சீலியாக் அநேகமாக இல்லை, பாண் வேதனையும் மிச்சம். இருக்கிறது என்று வந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. சுகதேகியான மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடமும் அது இருக்கும்.

எண்டோஸ்கொப்பி என்றதும் நீங்கள் பயப்படுவது கடிதத்தில் தெரிகிறது. ஆறு எட்டு மணி நேரம் வெறும் வயிறோடு வரச் சொல்வார்கள். தொண்டைக்கு மரத்துப்போகும் ஸ்பிரே அடித்து, பல்லுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்து, இடப்பக்கமாகப் படுக்க வைப்பார்கள். குழாய் உள்ளே போகும்போது ஓங்காளிப்பு வரும், மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் அடங்கும். வேண்டுமென்றால் தூக்க ஊசியும் போடலாம். முன்சிறுகுடலில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவில் துண்டுகள் எடுப்பார்கள். எடுப்பது நோகாது. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு விடயத்தை மட்டும் மகள் வாய்விட்டுக் கேட்கட்டும்: சீலியாக் சந்தேகத்துக்காகத்தான் இப்படித் துண்டு எடுக்கும் இந்தப் பயொப்சி என்று படிவத்தில் எழுதியிருக்கிறதா, ஒரு துண்டோடு நிற்காமல் முன்சிறுகுடலின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலுமாக ஐந்தாறு துண்டுகள் எடுப்பார்களா? பழுது இடத்துக்கிடம் விட்டுவிட்டு இருப்பதால் ஒரு துண்டை நம்பக் கூடாது. தேசிய வைத்தியசாலையில் இதைச் செய்கிறார்கள், அங்கே பணம் கட்டத் தேவையில்லை. தனியாரில்தான் செய்ய வேண்டும் என்று கடன் படாதீர்கள்.

(சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு குறிப்பு. டிடிஜி அளவு சாதாரண எல்லையின் பத்து மடங்கைத் தாண்டி, இன்னொரு இரத்த மாதிரியில் ஈஎம்ஏ என்ற வேறொரு பிறபொருளெதிரிப் பரிசோதனையும் பொசிட்டிவாக வந்தால், பிள்ளைகளில் பயொப்சி இல்லாமலே நோயை உறுதி செய்யலாம் என்று ஐரோப்பியச் சிறுவர் குடல்நோய் நிபுணர்களின் 2020 வழிகாட்டல் சொல்கிறது. சிறுவர் குடல் நோய் நிபுணரோடு பேசி முடிவெடுங்கள்.)

நோய் உறுதியானால் மருந்து இல்லை, சாப்பாடுதான் சிகிச்சை. இங்கே ஒரு ஆறுதல்: நம் சமையலில் பாதிக்கு மேல் ஏற்கெனவே குளூட்டன் இல்லாதது. சோறு, அரிசிமாப் பிட்டு, குரக்கன், உளுந்து, பயறு, கடலை, மரவள்ளி, பலாக்காய், ஒடியற் கூழ், மீன், இறைச்சி, முட்டை, காய்கறி எல்லாம் சாப்பிடலாம். சுப்பர்மார்க்கட்டில் விலை கூடிய இறக்குமதிப் பிஸ்கட்டும் பாஸ்தாவும் தேவையே இல்லை.

பாணை விடுவது சுலபம். பலரும் அகப்படுவது இடியப்பத்தில். கோதுமை மாவைத் துணியில் கட்டி, நீராவியில் அவித்து, கட்டியை உடைத்து அரிதட்டில் அரித்துப் போத்தலில் போட்டு வைப்போமே, அந்த அவித்த மா இல்லாத வீடு நம்மில் குறைவு. இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அதில் ஒரு பங்கு கலந்தால் மென்மையாக வரும் என்பதால் எல்லோரும் கலக்கிறோம். அவித்தால் குளூட்டன் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. போகவே போகாது. யாழ்ப்பாணத்து முறையில் தோசைக்கு உளுந்தோடு கோதுமை மா கரைப்பார்கள். கடை அப்பத்திலும் குரக்கன் ரொட்டியிலும் முறுக்கிலும் அது கலந்திருக்கலாம். ரவை கோதுமைதான். நத்தார் கேக்கில் போடுவது ரவை, மாவில்லை என்று சாப்பிட்டுவிடாதீர்கள். சேமியாப் பாயசமும் அப்படியே. சலக்கடுப்புக்குக் குடிக்கிற பார்லித் தண்ணியை மறந்துவிடுவார்கள், அதையும் நிறுத்த வேண்டும். மோல்ட் சேர்த்த பானங்கள், மாமைட், சோயா சோஸ் எல்லாவற்றிலும் பார்லியோ கோதுமையோ இருக்கிறது. பெருங்காயத்தைக் கட்டியாக்கக் கோதுமை மா சேர்ப்பதுண்டு. சோயாமீற் பக்கெட்டின் பின்பக்கத்தை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு துண்டுப் பாணில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் உள்ள பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம்வரை தீங்கில்லை என்று கொள்ளப்படுகிறது. கணக்குப் பார்த்தால் ஒரு துண்டுப் பாணில் இருநூறில் ஒரு பங்கு, வெறும் துணிக்கை. 50 மில்லிகிராம் தினமும் சேர்ந்தால் மூன்று மாதத்தில் சடைமுளை பழுதாவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பிள்ளைக்குத் தனி அரிதட்டு, தனி இடியப்ப உரல், தனி மாஜரீன் டப்பா வேண்டும். பாணுக்குப் பூசிய கத்தி அந்த டப்பாவுக்குள் போகக் கூடாது. அரிசியை மில்லில் அரைப்பதென்றால், அதே இயந்திரத்தில் கோதுமை அரைக்கிறார்களா என்று கேளுங்கள். அரைப்பார்கள் என்றால் வீட்டில் கிரைண்டரில் அரைப்பதே நல்லது. கடையில் பராட்டா போடும் அதே கல்லில் சுட்ட தோசையும், ரோல்ஸ் பொரித்த அதே எண்ணெயில் பொரித்த உளுந்து வடையும் வேண்டாம். வங்கிக்கு மதியச் சோற்றை வீட்டிலிருந்து கட்டிக் கொடுங்கள். பக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டிருந்தால், சர்வதேச நியமப்படி அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தக் குறி உள்ளதை நம்பி வாங்கலாம். ஓட்ஸை முதல் வருடம் தொடாதீர்கள்.

தொடக்கத்தில் சில மாதம் பாலும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், சடைமுளை வளர அதுவும் சரியாகும். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் டிடிஜி அளவைப் பார்த்து, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். இரும்பு, போலிக் அமிலம், பி12, விற்றமின் டி, தைரொயிட் எல்லாம் ஒரு தடவை பார்க்க வேண்டும். நியுமோனியாத் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

நற்கருணை அப்பம் கோதுமையில்தான் செய்யப்படுகிறது, கோதுமை அறவே இல்லாத அப்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆனால் குளூட்டன் மிகக் குறைத்த அப்பத்துக்கு அனுமதி உண்டு, இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்வதும் முழுமையான நற்கருணைதான். இரசமென்றால் அப்பத் துண்டு போடாத தனிக் கிண்ணத்தில் வேண்டும். பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள். மகள் ஞாயிறு பூசையில் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை.

சம்பந்த விடயம். இது தொற்றுநோய் இல்லை. சாப்பாட்டை ஒழுங்காகக் காத்தால் கல்யாணத்துக்கோ பிள்ளை பெறுவதற்கோ தடையும் இல்லை. கண்டுபிடிக்காமல் விட்ட சீலியாக்தான் கருத்தரிப்பைத் தாமதப்படுத்தும், கருக்கலைவுக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் காரணமாகலாம். ஆகவே கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது மகளுக்கு நல்லது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லுங்கள் என்பதுதான் என் ஆலோசனை, ரிப்போர்ட் வந்து உறுதியான பிறகு. மறைத்தால், போன வீட்டில் மாமியார் ஆசையாக வைத்த பிட்டைப் பிள்ளை மறுக்கவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. விளங்கிக்கொண்டு ஒரு தனி அரிதட்டு வாங்கி வைக்கிற வீடு உங்கள் மகளுக்கு நல்ல வீடு.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் கடைசி வரியாக வந்த விடயம். உங்களுக்கு 54 வயது, விழுந்ததில் மணிக்கட்டு உடைந்திருக்கிறது. உங்கள் கூடப்பிறந்த தங்கச்சிக்குச் சீலியாக். பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் என்ற நெருங்கிய இரத்த உறவில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், மற்றவருக்கு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அந்தக் கணக்கில் தங்கச்சிக்கு மகளைவிட நெருங்கிய உறவு நீங்கள்தான். வயிற்று நோவு எதுவும் இல்லாமல் எலும்பு மெலிவாக மட்டுமே இந்த நோய் வெளிப்படுவதும் உண்டு. மாதவிடாய் நின்ற வயதில் எலும்பு மெலிய வேறு காரணங்களும் இருப்பதால் பயப்பட வேண்டாம். ஆனால் டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ, விற்றமின் டி மூன்றையும் உங்களுக்கும் பார்க்க வேண்டும், எலும்பு அடர்த்தி ஸ்கானும் கேளுங்கள். மகளுக்காக நீங்களும் கோதுமையை விட்டுவிட்டீர்களா என்று எழுதவில்லை. விடவில்லை என்றால் ஆறு வாரம் காத்திருக்கத் தேவையில்லை, இந்தக் கிழமையே இரத்தம் கொடுக்கலாம். விடை வரும்வரை பாணை நிறுத்தாதீர்கள்.